சீலியாக் நோயும் பசையமற்ற உணவும்

சீலியாக் நோய் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள பசையம் எனப்படும் குளூட்டன் புரதத்தை உண்பதால் சிறுகுடலின் உட்சுவர் சிதைவுறும் நோயாகும். இது தொற்றுநோய் அன்று. வெறும் அஜீரணமும் அன்று. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தன் சொந்தத் திசுவைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுள் ஒன்று. இதற்கென்று மாத்திரையோ ஊசியோ வழக்கில் இல்லை. பசையம் உள்ள உணவை வாழ்நாள் முழுவதும் அறவே விலக்குவதே சிகிச்சை. அவ்வாறு விலக்கினால் பெரும்பாலோருக்குக் குடல் ஆறி, உடல் தேறி, மற்றவர்களைப் போல் இயல்பாக வாழ முடிகிறது.

அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட தமிழ்நாட்டில் இந்நோய் அரிது. இங்கு இரண்டு நிலைமைகள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. நோய்க்கான மருந்து, அதாவது அரிசியும் சிறுதானியமும், ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஆனால் நோய் அரிதாக இருப்பதால் அது எளிதில் சந்தேகிக்கப்படுவதில்லை. சோறும் இட்லியும் உண்பவருக்குக் கோதுமையால் என்ன வரப்போகிறது என்ற எண்ணமும் உண்டு. அரிசிச் சமையலிலும் கோதுமை எந்தெந்த வழியில் நுழைகிறது என்பதை அறிந்தால்தான் இந்த உணவுமுறையைச் சரியாகக் கடைப்பிடிக்க முடியும்.

பசையம் என்றால் என்ன?

கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, தண்ணீரில் மெல்லக் கசக்கிக் கழுவினால் மாவுச்சத்து வெள்ளை நிறத்தில் கரைந்து போகும். இறுதியில் ரப்பர் போல இழுபடும் ஒரு பொருள் கையில் மிஞ்சும். அதுவே பசையம். பரோட்டா மாவைக் கிழியாமல் வீசி விரிக்க முடிவதும், ரொட்டி உப்பி எழுவதும், சப்பாத்தி மெலிதாகத் தேய்க்க வருவதும் இதனால்தான். கோதுமைப் பசையத்தில் கிளையாடின், குளூட்டெனின் என்னும் இரு வகைப் புரதங்கள் உள்ளன. பார்லியிலும் ரையிலும் இவற்றையொத்த புரதங்கள் இருக்கின்றன.

பெயரை வைத்துக் குழம்பக் கூடாது. ஒட்டும் தன்மையுள்ள எல்லாவற்றிலும் பசையம் இருப்பதில்லை. உளுந்து மாவின் வழவழப்பும், கவுனி அரிசியின் ஒட்டலும், கேழ்வரகுக் களியின் பிசுபிசுப்பும் வேறு காரணங்களால் வருபவை. அவற்றில் சீலியாக் நோயைத் தூண்டும் புரதம் இல்லை.

மொழிபெயர்ப்பிலும் ஒரு குழப்பம் உண்டு. ரை என்பது குளிர்நாடுகளில் விளையும் ஒரு தானியம். சில அகராதிகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் அதைக் கம்பு என்று குறித்துவிடுகிறார்கள். நம் ஊர்க் கம்பு வேறு. அதில் பசையம் இல்லை. பார்லிக்கு வாற்கோதுமை என்ற பெயரும் உண்டு. அது விலக்க வேண்டியது.

உடலில் நடப்பது

சிறுகுடலின் உட்சுவரில் ஒரு மில்லிமீட்டர் அளவே உயரமுள்ள குடல் விரல்கள் இலட்சக்கணக்கில் துருத்திக் கொண்டிருக்கின்றன. இவை குடலின் உட்பரப்பைப் பன்மடங்கு பெருக்கி, செரித்த உணவை உறிஞ்சுகின்றன. மற்றப் புரதங்களைப் போலப் பசையம் முழுவதுமாகச் செரிப்பதில்லை. அதன் சில துண்டுகள் உடையாமல் குடல் சுவருக்குள் செல்கின்றன. அங்குள்ள திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி அத்துண்டுகளைச் சற்றே மாற்றுகிறது. எச்.எல்.ஏ. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்னும் மரபணு வகை உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றைப் பகையாகக் கருதிப் போர் தொடுக்கக்கூடும். போர் நடக்கும் இடம் குடல் சுவர் ஆதலால் அடிபடுவதும் குடல் விரல்களே. அவை குட்டையாகி, நாளடைவில் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு சத்தாக உண்டாலும் இரும்பும் கால்சியமும் வைட்டமின்களும் போதிய அளவு உடலில் சேர்வதில்லை.

அந்த மரபணு வகை இருந்தாலே நோய் வந்துவிடும் என்று பொருளில்லை. மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது உண்டு. அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. ஆனால் அந்த மரபணு வகை இல்லாதவருக்கு இந்நோய் வருவது மிக மிக அரிது.

வரலாறு

கப்படோசியா நாட்டைச் சேர்ந்த அரிட்டேயஸ் என்னும் பண்டைய கிரேக்க மருத்துவர் நெடுநாள் வயிற்றுப்போக்கால் மெலிந்துபோகும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். வயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே சீலியாக் என்ற பெயர் வந்தது. 1887இல் இலண்டன் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் ஆற்றிய உரையில் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்தார். 1888இல் அது அச்சில் வந்தது. குணமாக வழி உண்டென்றால் அது உணவு வழியாகத்தான் என்று அவர் கருதினார். ஆனால் எந்த உணவு குற்றவாளி என்பது அவருக்குத் தெரியவில்லை.

1924இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை வெளியிட்டார். குழந்தைகள் தேறினர். வாழைப்பழமே குணப்படுத்தியது என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. உண்மையில் அவ்வுணவில் ரொட்டி விலக்கப்பட்டிருந்தது.

விடையைக் கண்டறிந்தவர் நெதர்லாந்தின் குழந்தைகள் மருத்துவர் வில்லெம் காரல் டிக்கே. கோதுமையின் மீது அவருக்கு 1930களிலேயே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி கிடைக்காமல் போனது. மற்றக் குழந்தைகள் வாடியபோது சீலியாக் நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்ப வந்ததும் அவர்கள் மீண்டும் நோயுற்றதும் அவருடைய கருத்துக்கு வலுச்சேர்த்தன. 1950இல் தம் ஆய்வேட்டில் கோதுமையின் பங்கை அவர் நிறுவினார். பின்னர் உடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து, தீங்கு கோதுமையின் பசையத்தில் உள்ளது என்று காட்டினார். 1950களில் வாய் வழியாகக் குழாய் செலுத்திச் சிறுகுடலில் திசு எடுக்கும் முறை வந்தது. 1997இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் திசு டிரான்ஸ்குளூட்டமினேசை அடையாளம் கண்டனர். இன்றைய இரத்தப் பரிசோதனைக்கு அதுவே அடிப்படை.

இந்தியாவில் பரவல்

உலக அளவில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்தியாவின் மூன்று பகுதிகளில் நலமாக உள்ள 23,331 பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று முக்கியமானது. வட இந்தியாவில் ஹரியானாவும், வடகிழக்கில் அசாமும், தெற்கில் வேலூர்ப் பகுதியும் அதில் இடம்பெற்றன. நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87 விழுக்காடு, தெற்கில் 0.10 விழுக்காடு.

அதே ஆய்வில் நோய்க்கு இடமளிக்கும் மரபணு வகை வடக்கில் 38.1, வடகிழக்கில் 31.4, தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. அதாவது உடலமைப்பில் தெற்கத்தியர் பெரிதும் வேறுபட்டவர் அல்லர். வேறுபாடு தட்டில் இருந்தது. சராசரியாக ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை வடக்கில் 455 கிராம், வடகிழக்கில் 37 கிராம், தெற்கில் 25 கிராம். ஆனால் கோதுமையின் அளவு மட்டுமே காரணம் என்றும் கூறிவிட முடியாது. அசாமில் கோதுமை உண்பது வேலூர் அளவுக்குச் சற்றே கூடுதலாக இருந்தும் எதிர்ப்பொருள் உள்ளவர்கள் பலமடங்கு இருந்தனர்.

தென்னிந்தியாவில் இந்நோயை அடையாளம் காண்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் வேறொரு குடல் நோய் இப்பகுதியில் நெடுங்காலமாக அறியப்பட்டது. 1960களில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அது கொள்ளைநோய் போலவே பரவியது. அதிலும் குடல் விரல்கள் தேய்கின்றன. குடல் காசநோயிலும் வயிற்றுப்போக்கும் உடல் மெலிவும் உண்டு. ஆகவே ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடாதபடி உரிய பரிசோதனைகள் தேவைப்படுகின்றன.

அறிகுறிகள்

சிறு குழந்தைகளிடம் நோய் வெளிப்படையாகத் தெரியும். கோதுமை உணவு தொடங்கிய சில மாதங்களில் ஓயாத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, சூம்பிய கைகால், பசியின்மை, சிணுங்கல் ஆகியவை தோன்றும்.

வளர்ந்த பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் வயிற்றுத் தொல்லையே இல்லாமலும் நோய் இருக்கலாம். அத்தகையோரிடம் கவனிக்க வேண்டியவை:

- இரும்புச்சத்து மாத்திரை உண்டும் தீராத இரத்தசோகை
- வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, பருவமடைதல் தள்ளிப்போதல்
- அடிக்கடி வரும் வாய்ப்புண், பல் மேற்பூச்சில் குறை
- காரணம் தெரியாத களைப்பு, எடை குறைதல்
- இளம் வயதிலேயே எலும்பு வலுவிழத்தல்
- குழந்தைப்பேறின்மை, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு
- முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கடும் அரிப்புடன் கூடிய கொப்புளங்கள்

கடைசியாகச் சொன்னது சீலியாக் நோயின் தோல் வடிவம். அதைச் சொறி என்று எண்ணிக் களிம்பு தடவிக் காலம் கழிப்பதுண்டு.

முதல் வகை நீரிழிவு, தைராய்டு சுரப்பியின் தன்னெதிர்ப்பு நோய், டவுன் நோய்க்குறி ஆகியவை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் அவ்வாறே. ஆகவே வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் நெருங்கிய இரத்த உறவினரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கண்டறியும் முறை

முதற்படி இரத்தப் பரிசோதனை. திசு டிரான்ஸ்குளூட்டமினேசுக்கு எதிரான ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருளின் அளவை அதில் பார்ப்பார்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம் என்பதால் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் படி உள்நோக்கிக் குழாய் வழியாகச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் சில இடங்களிலிருந்து கடுகளவு திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. குழந்தைகளிடம் எதிர்ப்பொருள் இயல்பு வரம்பைப் போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறொரு எதிர்ப்பொருள் பரிசோதனையும் அதை உறுதி செய்தால், திசு எடுக்காமலே முடிவு செய்ய இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல் இடமளிக்கிறது. அந்த முடிவைச் சிறப்பு மருத்துவரே எடுக்க வேண்டும்.

இங்கு ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. சந்தேகம் வந்ததும் "எதற்கும் கோதுமையை விட்டுப் பார்ப்போம்" என்று சிலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். கோதுமை நின்றதும் எதிர்ப்பொருள் குறையும். குடலும் ஆறத் தொடங்கும். அதன்பின் செய்யும் பரிசோதனை நோயில்லை என்று காட்டக்கூடும். நோய் இருக்கிறதா என்பது தெரியாமலே வாழ்நாள் பத்தியத்தில் தவிக்கவோ, நோய் இல்லை என்று நம்பி மீண்டும் கோதுமை உண்ணவோ அது வழிவகுக்கும். அரிசியே பெரிதும் உண்ணும் வீட்டினர், தாம் வழக்கமாக உண்ணும் கோதுமை எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கோதுமையால் வரும் தொல்லை எல்லாம் சீலியாக் நோய் அன்று. கோதுமை ஒவ்வாமையில் உண்ட சிறிது நேரத்திலேயே தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரலாம். பசைய உணர்திறன் என்னும் நிலையில் வயிறு உப்புசமும் வலியும் இருக்கும். ஆனால் குடல் சிதைவதில்லை. மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல.

எவ்வளவு சிறிய அளவு தீங்கு?

"கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்பதே இந்நோயாளிகள் உறவினரிடம் அடிக்கடி கேட்கும் சொல். அது சரியா என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

100 கிராம் மைதாவில் ஏறத்தாழ 8 கிராம் பசையம் இருக்கிறது. 50 கிராம் மைதாவில் செய்த ஒரு பரோட்டாவில் அது 4 கிராம், அதாவது 4,000 மில்லிகிராம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் பசையம் உட்கொண்ட நோயாளிகளின் குடல் விரல்கள் பாதிக்கப்பட்டதாக ஓர் ஆய்வு காட்டியது. 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை என்பது இப்போதைய கருத்து. ஒரு தேக்கரண்டி மைதாவிலேயே சுமார் 200 மில்லிகிராம் பசையம் உண்டு. ஆகவே 50 மில்லிகிராம் என்பது கால் தேக்கரண்டி மைதா.

உணவுப் பொருள்களுக்கான பன்னாட்டு விதியும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதியும் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாத பசையம் உள்ள பொருளையே பசையமற்றது என்று குறிப்பிட அனுமதிக்கின்றன. அத்தகைய உணவை அரை கிலோ உண்டாலும் உள்ளே செல்வது 10 மில்லிகிராமுக்கு மேற்படாது.

உண்டவுடன் வயிறு வலிக்கவில்லை என்பதால் தீங்கு இல்லை என்றும் கொள்ள முடியாது. சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே குடல் சிதையும்.

உண்ணத்தக்கவை

தமிழர் உணவில் பெரும்பகுதி இயல்பாகவே பசையமற்றது. அரிசி, அவல், பொரி, கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு, மக்காச்சோளம், சவ்வரிசி, மரவள்ளிக்கிழங்கு, எல்லாப் பருப்புகளும் பயறுகளும், காய், கனி, கீரை, பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, நிலக்கடலை, எள், தேங்காய் ஆகியவற்றை உண்ணலாம். இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், அரிசிப் புட்டு, பொங்கல், அடை, கொழுக்கட்டை, களி, கூழ் என்று காலை, இரவு உணவுகளுக்கும் குறைவில்லை. வெளிநாட்டு நோயாளிகள் மிகுந்த விலை கொடுத்துச் சிறப்பு ரொட்டி வாங்க வேண்டியிருக்கிறது. இங்கே நியாயவிலைக் கடை அரிசியே சிகிச்சைக்குப் போதும்.

சோற்றை மட்டும் நம்பியிருப்பதும் சரியன்று. நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் குறையும். சிறுதானியங்களையும் பயறுகளையும் கீரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விலக்க வேண்டியவை

கோதுமை எந்த வடிவில் வந்தாலும் விலக்க வேண்டும். சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரொட்டி, பன், பிஸ்கட், ரஸ்க், கேக், பப்ஸ், சமோசா, நூடுல்ஸ் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. ரவையும் சேமியாவும் பெரும்பாலும் கோதுமையில் செய்யப்படுபவை. ஆதலால் உப்புமா, கிச்சடி, கேசரி, ரவா தோசை, சேமியா பாயசம் கூடா. சம்பா கோதுமை நம் பழைய தானியம், உடலுக்கு நல்லது என்பார்கள். அதிலும் பசையம் உண்டு. கோதுமைப் பால் எடுத்துக் கிளறும் அல்வாவும் ஆகாது. பால் பிழியும்போது பசையத்தில் பெரும்பகுதி சக்கையோடு நின்றாலும் முழுவதும் நீங்குவதில்லை. நீர்க்கடுப்புக்குத் தரும் பார்லிக் கஞ்சியும், பார்லியில் வடிக்கும் பீரும் விலக்க வேண்டியவை.

ஓட்ஸ் தனி வகை. தூய ஓட்ஸ் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் கடையில் கிடைப்பதில் கோதுமையும் பார்லியும் கலந்திருக்கும் வாய்ப்பு அதிகம். பசையமற்றது என்ற குறிப்பு இல்லாத ஓட்ஸை வாங்கக் கூடாது. குறிப்பு இருந்தாலும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

மறைந்து வரும் கோதுமை

தமிழ்ச் சமையலில் முதலில் கவனிக்க வேண்டியது பெருங்காயம். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். காரம் மிகுந்த பிசினுடன் கருவேலம் பிசினும் மாவும் சேர்த்தே அதைச் செய்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் மைதா அல்லது கோதுமை மாவு. சிலவற்றில் அரிசி மாவு. கட்டியானாலும் பொடியானாலும் இதே நிலைதான். சாம்பார், இரசம், கூட்டு, மோர், ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு என்று ஒரே நாளில் பலமுறை அது உள்ளே செல்கிறது. பரோட்டாவை விட்ட பிறகும் எதிர்ப்பொருள் குறையாத நோயாளி முதலில் பார்க்க வேண்டிய இடம் அஞ்சறைப் பெட்டி. அரிசி மாவு சேர்த்த, பசையமற்றது என்று அச்சிட்ட பெருங்காயத்தை வாங்கலாம். கிடைக்காவிட்டால் பூண்டும் சீரகமும் போதும்.

மற்றவை:

- பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து தரும் மால்ட் பானப் பொடிகள். மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி.
- சத்துமாவு. பலவகைத் தானியங்களில் கோதுமையும் பார்லியும் சேர்ந்திருக்கும்.
- சோயா சாஸ். வழக்கமான தயாரிப்பில் கோதுமை உண்டு. வறுத்த சோறு, கோபி மஞ்சூரியன் ஆகியவற்றில் இது சேரும்.
- கடைப் பஜ்ஜி, பக்கோடா, சில்லி சிக்கன், கட்லெட் ஆகியவற்றின் மேல்மாவு.
- குலாப் ஜாமுன், ஜிலேபி, சோமாசு, பாதுஷா. ஐஸ்கிரீம் கூம்பும் அவ்வாறே.
- சில மாத்திரைகளில் சேர்க்கும் மாவுப்பொருள். மருந்தாளுநரைக் கேட்டறியலாம்.

இந்திய விதிகளின்படி, பசையம் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் பொட்டலத்தின் மேல் ஒவ்வாமைக் குறிப்பாக அதை அறிவிக்க வேண்டும். குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வீட், மைதா, ஆட்டா, சூஜி, செமோலினா, பார்லி, மால்ட், ரை ஆகிய சொற்களை அடையாளம் காணப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். உதிரியாக நிறுத்து விற்கும் மாவையும் பொடியையும் தவிர்ப்பது நல்லது.

மாவு மில்லும் சமையலறையும்

அரிசியோ கேழ்வரகோ தூய்மையாக இருந்தாலும், சற்றுமுன் கோதுமை அரைத்த எந்திரத்தில் அரைத்தால் கோதுமை மாவு கலந்துவிடும். மில்லில் எந்திரத்தைத் துடைத்துவிட்டு அரைத்தாலும் இடுக்குகளில் மாவு தங்கியிருக்கும். கோதுமை அரைக்காத மில் கிடைத்தால் நன்று. இல்லையேல் நோயாளிக்குரிய மாவை வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். சிறுதானியங்களை அரைக்குமுன் முறத்தில் பரப்பி, கோதுமை மணிகளைப் பொறுக்கி, கழுவி உலர்த்த வேண்டும்.

வீட்டில் மற்றவர்கள் கோதுமை உண்பதாக இருந்தால்:

- தோசைக்கல், சல்லடை, மரக்கரண்டி, பலகை ஆகியவற்றை நோயாளிக்குத் தனியாக வைக்க வேண்டும். சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை ஊற்றக் கூடாது.
- பூரி பொரித்த எண்ணெயில் அப்பளமோ வடையோ பொரிக்கக் கூடாது.
- பசையமற்ற சமையலை முதலில் முடித்துவிட்டுப் பிறகு கோதுமை மாவைப் பிசையலாம்.
- பசையமற்ற மாவுகளை மேல்தட்டில் வைத்தால் கோதுமை மாவு அவற்றின் மீது சிந்தாது.

எவர்சில்வர் தட்டும் தம்ளரும் நன்றாகத் துலக்கினால் போதும், தனியாக வேண்டியதில்லை. உடன் உண்பதாலோ தொடுவதாலோ யாருக்கும் நோய் தொற்றாது. வீடு முழுவதும் சில காலம் அரிசிக்கு மாறிவிடுவது பல குடும்பங்களுக்கு எளிதாக இருக்கும்.

உணவகம், விருந்து, வழிபாடு

உணவகத்தில் இட்லியும் வெள்ளைச் சோறும் தயிரும் ஓரளவு பாதுகாப்பானவை. தோசைக்கல்லில் ரவா தோசையும் சப்பாத்தியும் போட்டிருக்கலாம். சாம்பாரில் எந்தப் பெருங்காயம் என்பது பரிமாறுபவருக்குத் தெரிந்திருக்காது. திருமண வீட்டிற்குச் செல்பவர் சமையல்காரரிடம் "கோதுமை, மைதா, ரவை மூன்றும் கூடாது" என்று பெயர் சொல்லிக் கேட்பதே பயன் தரும். பசையம் என்று கேட்டால் புரியாது.

கோயில் பிரசாதத்தில் சர்க்கரைப் பொங்கலும் தயிர்ச்சோறும் அரிசியில் ஆனவை. தயிர்ச்சோற்றின் தாளிப்பிலும் புளியோதரையிலும் பெருங்காயம் உண்டு. நோன்புக் கஞ்சி அரிசியில் காய்ச்சுவது. உடன் தரும் சமோசா ஆகாது. கத்தோலிக்கத் திருப்பலியில் தரும் நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது. பசையம் முற்றிலும் நீக்கிய அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. பசையம் மிகக் குறைந்த அப்பத்தை ஏற்கிறது. திராட்சை இரசத்தை மட்டும் பெறவும் வழியுண்டு. பங்குத்தந்தையிடம் முன்னதாகப் பேசிக்கொள்ளலாம்.

பள்ளியில்

வீட்டில் எவ்வளவு காத்தாலும் பிள்ளை பகல் முழுவதும் இருக்குமிடம் பள்ளி. தமிழ்நாட்டுச் சத்துணவில் சோற்று வகைகள் இருப்பது நல்வாய்ப்பு. காலை உணவுத் திட்டத்தில் பொங்கல் தவிர ரவை, சேமியா, கோதுமை ரவை ஆகியவற்றில் செய்யும் உப்புமா, கிச்சடி வகைகளும் உண்டு. எந்த நாளில் எது என்பதைப் பெற்றோர் அறிந்து, அந்நாள்களில் வீட்டிலிருந்தே உணவு கொடுத்தனுப்ப வேண்டும். வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், சமையல் பொறுப்பாளர் மூவரிடமும் மருத்துவர் சான்றின் நகல் இருப்பது நல்லது.

பிறந்தநாள் சாக்லேட்டும் நண்பனின் பிஸ்கட்டும் பெரிய சோதனைகள். "உனக்குக் கூடாது" என்று வகுப்பில் எல்லோர் முன்னும் சொல்வதைவிட, ஆசிரியரின் மேசையில் அந்தப் பிள்ளைக்கென்று கடலைமிட்டாயோ பொரி உருண்டையோ ஒரு டப்பாவில் இருந்தால், கொண்டாட்டத்தில் அதுவும் சேர்ந்துகொள்ளும். கோதுமை மாவில் செய்த விளையாட்டுக் களிமண்ணும் உண்டு; சிறு குழந்தைகள் விரலை வாயில் வைப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் ஆசிரியர் உதவலாம். வரிசையில் ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும் பிள்ளை, வாரந்தோறும் பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை உண்டும் வெளிறியே இருக்கும் பிள்ளை, அடிக்கடி வயிற்றுவலி என்று விடுப்பு எடுக்கும் பிள்ளை ஆகியோரைப் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்பலாம். காரணம் பெரும்பாலும் வேறாகவே இருக்கும். ஆயினும் உயரம் கூடும் பருவம் கடந்த பின் நோய் தெரியவந்தால் இழந்த வளர்ச்சியை முழுதும் மீட்க முடியாமல் போகலாம்.

தொடர்ந்து கவனிக்க வேண்டியவை

பத்தியம் தொடங்கிய சில வாரங்களில் வயிற்றுத் தொல்லை குறையத் தொடங்கும். பிள்ளைகள் எடை கூடுவார்கள். குடல் விரல்கள் மீண்டும் வளர மாதக்கணக்கில், பெரியவர்களுக்குச் சிலபோது ஆண்டுக்கணக்கில் ஆகும். தொடக்கத்தில் சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடல் ஆறியதும் அது பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை தயிரும் மோரும் சேர்க்கலாம்.

மருத்துவர் குறித்த காலத்தில் எதிர்ப்பொருள் அளவையும், ஹீமோகுளோபின், இரும்பு, ஃபோலேட், வைட்டமின் பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு எலும்பு அடர்த்தியும் பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் முக்கியம். எதிர்ப்பொருள் குறையவில்லை என்றால் எங்கோ பசையம் உள்ளே சென்றுகொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். உண்பவை அனைத்தையும் ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுபோனால் அதைக் கண்டுபிடிப்பது எளிது.

உடல் தேறிய பின் "நோய்தான் போய்விட்டதே" என்று பத்தியத்தை விடுவது ஆபத்தானது. மரபணு மாறுவதில்லை, கோதுமை திரும்பினால் சிதைவும் திரும்பும். ஆண்டுக்கணக்கில் கவனியாது விட்டால் எலும்பு முறிவும், அரிதாகச் சிறுகுடலில் ஒருவகைப் புற்றுநோயும் நேரலாம்.

மறுபுறம், நோய் இல்லாதவர்கள் எடை குறையவும் அழகு கூடவும் பசையமற்ற உணவுக்கு மாறத் தேவையில்லை. அவர்களுக்கு அதனால் தனி நன்மை இருப்பதாக நிறுவப்படவில்லை. பசையமற்றது என்று விற்கும் பிஸ்கட்டிலும் சர்க்கரையும் கொழுப்பும் குறைவதில்லை. யாருக்கு இந்தப் பத்தியம் தேவை என்பதைச் சொல்ல வேண்டியது பரிசோதனையே. தேவை என்று உறுதியானவர் அதைச் சிட்டிகை அளவும் தளர்த்தாமல் கடைப்பிடிக்க வேண்டும்.